ஹோம் அசிஸ்டன்டுக்குச் சொந்தமாக ஒரு பிரவுசர் பக்கம்: கரண்ட் போய் வந்தால் பட்டன் பொய் சொல்கிறது

மேல்டிவிஷன் (அப்புத்தளை) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். விவரமாகச் சொன்னால்தான் சரியான பதில் கிடைக்கும் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எங்கள் வீடு தம்பேதன்னைக்குப் போகும் பாதையில் இருந்து கீழே இறங்கும் சரிவில் இருக்கிறது. அம்மாவும் அப்பாவும் இரண்டு அறைகளைச் சுற்றுலாக்காரர்களுக்கு விடுகிறார்கள். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் லிப்டன் சீட்டில் சூரியன் உதிப்பதைப் பார்க்க விடியற்காலை நாலரைக்கே புறப்படுவார்கள். அதற்கு முன்னால் குளிக்கச் சுடுதண்ணீர் வேண்டும் என்பார்கள். அந்தக் குளிரில் அம்மா எழும்பிப் போய் கீசர் சுவிட்சைப் போட வேண்டாம் என்றுதான் இந்த வேலையையே தொடங்கினேன்.

ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினியில் (சுருக்கமாகப் பை) வீட்டுச் சாமான்களை இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருள் ஓடுகிறது. இரண்டு கீசர், முற்றத்து விளக்கு, அப்புறம் கீழ்த் தாங்கியில் இருந்து மேல்த் தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டர். நாலுக்கும் ஈஎஸ்பிஹோம் என்ற மென்பொருள் போட்ட ரிலே, அதாவது வைஃபையில் இயங்கும் சுவிட்ச். கீழ்த் தாங்கிக்கு ஊற்றுத் தண்ணீர்தான் குழாயில் வருகிறது. மழை குறைந்தால் அது நூலாகிவிடும். தாங்கி காலியாக இருக்கும்போது மோட்டர் ஓடினால் மோட்டர் அவ்வளவுதான்.

அம்மாவுக்குப் போனில் உள்ள ஆப் சரிவரவில்லை. குசினிச் சுவரில் ஒரு பழைய டெப்லட்டை மாட்டியிருக்கிறேன். ஆண்ட்ராய்ட் 6, ஒரு ஜிபி ராம். அதில் ஹோம் அசிஸ்டன்டின் சொந்தப் பக்கம் திறந்து முடிப்பதற்குள் பிளேன்டீ ஊற்றிக் குடித்தே முடித்துவிடலாம். அதனால் நானே ஒரு சின்னப் பக்கம் எழுதினேன். தமிழில் நாலு பெரிய பட்டன், வேறு ஒன்றும் இல்லை. இரண்டு விநாடிக்கு ஒரு தடவை ஜாவாஸ்கிரிப்ட் போய் நிலையைக் கேட்டு வரும். எனக்கு வேலையே இணையப் பக்கங்கள் செய்வதுதான், அந்தப் பகுதி பழக்கம். ஆனால் வீட்டுச் சாமான்களோடு பேசும் பக்கம் இதுதான் முதல் முறை.

இப்போது கேள்விகள். இணையத்தில் இலவசமாகப் போட்டு வைத்த பக்கத்தில் இருந்து வீட்டுப் பைக்குப் பேசப் போனால் பிரவுசர் மறுக்கிறது. கணினியில் கோப்பாகத் திறந்தாலும் மறுக்கிறது. பக்கத்தை எங்கே வைப்பது? இரண்டாவது, ஹோம் அசிஸ்டன்டுக்குள் நுழையும் சாவியான டோக்கனை ஜாவாஸ்கிரிப்டுக்குள்ளேயே எழுதி வைக்கலாமா? மூன்றாவதுதான் பெரிய தலைவலி. கரண்ட் போனால் டெப்லட்டில் பட்டரி இருப்பதால் பக்கம் அப்படியே நிற்கும், ரவுட்டரும் பையும் செத்துவிடும். கரண்ட் வந்து அவை எழும்பும் வரைக்கும், சில நேரம் எழும்பிய பிறகும், பட்டன் பழைய நிறத்தையே காட்டுகிறது. அம்மா அதைப் பார்த்து "மோட்டர் ஓடுது" என்று நம்பிவிடுகிறார். இணைப்பைத் திறந்தே வைத்திருக்கும் வெப்சொக்கட்டுக்கு மாறினால் இது சரியாகுமா, இல்லை வேறு வழி இருக்கிறதா?

---

நானுஓயா சந்தி எழுதியது:

சொந்தமாக எழுதுவதை விட்டுவிடுங்கள் என்பதுதான் என் யோசனை. ஹோம் அசிஸ்டன்டிலேயே புதிய டாஷ்போர்ட் ஒன்று திறந்து நாலு பட்டன் கார்டு போட்டால் முடிந்தது. பெயர்களைத் தமிழில் வைக்கலாம், மொழியையும் தமிழுக்கு மாற்றலாம். டெப்லட்தான் பிரச்சினை என்றால் டெப்லட்டை மாற்றுங்கள். இன்றைக்கு நீங்கள் எழுதுவதை நாளைக்கு நீங்கள் கொழும்புக்கு வேலைக்குப் போனால் யார் பார்ப்பார்கள்? அப்பாவா?

---

ஹட்டன் சோல்டர் எழுதியது:

நானுஓயா ஐயா சொல்வதில் ஞாயம் இருக்கிறது. நாலு பட்டனோடு நிற்காமல் வரைபடம், கெமரா, பாட்டு என்று ஆசை வளரும் ஆளாக இருந்தால் டாஷ்போர்ட்டுக்கே போங்கள் தங்கச்சி. ஆனால் ஒரு ஜிபி ராம் டெப்லட்டில், தமிழில், நாலே பட்டன் என்றால் நூற்றைம்பது வரிப் பக்கம் தாராளமாகப் போதும். பெரிய வீடுகளிலும் ஒன்றிரண்டு பங்களாக்களிலும் இந்த வேலை செய்துகொடுத்திருக்கிறேன். சமையல்காரருக்குச் சுவரில் வேண்டியது இப்படிப் பக்கம்தான்.

பக்கத்தை எங்கே வைப்பது என்பது லேசு. எச்டிடிபிஎஸ் என்ற பூட்டிய வழியில் வந்த பக்கம், பூட்டில்லாத சாதாரண வெப்சொக்கட்டையோ எச்டிடிபியையோ வீட்டு ஐபிக்குத் திறக்க உங்கள் டெப்லட்டில் உள்ளதுபோன்ற பழைய பிரவுசர் விடாது. நீங்கள் என்ன எழுதினாலும் விடாது. வேறு இடத்தில் இருந்து வரும் பக்கத்துக்குப் பையும் தானாக அனுமதி கொடுக்காது. இரண்டுக்கும் ஒரே மருந்து, பக்கத்தைப் பைக்குள்ளேயே வைப்பது. ஹோம் அசிஸ்டன்டின் கொன்ஃபிக் கோப்புறைக்குள் மூன்று டபிள்யூ பெயரில் ஒரு கோப்புறை போட்டு அதற்குள் கோப்பை வையுங்கள். 8123 போர்ட்டில், "லோக்கல்" என்ற பாதையின் கீழ் அது திறக்கும். கோப்புறையைப் புதிதாக உருவாக்கினால் ஹோம் அசிஸ்டன்டை ஒரு தடவை மறுதொடக்கம் செய்ய வேண்டும். பிரவுசர் அந்தக் கோப்புகளின் பழைய பிரதியை வெகுநாள் பிடித்து வைத்திருக்கும். திருத்தும்போதெல்லாம் முகவரியின் கடைசியில் கேள்விக்குறியும் பதிப்பு எண்ணும் சேருங்கள், இல்லாவிட்டால் திருத்தியது ஏன் வரவில்லை என்று அரை நாள் போய்விடும். எழுத்துருவையும் அதே கோப்புறையில் போடுங்கள். மழையில் இணையம் போகும் ஊரில் வெளியில் இருந்து எதையும் இழுக்கக் கூடாது. டெப்லட்டுக்குப் பெயரால் முகவரி கொடுக்க வேண்டாம், பழைய ஆண்ட்ராய்டுக்கு அந்த "டொட் லோக்கல்" பெயர் புரியாது. ரவுட்டரில் பைக்கு ஒரு நிலையான ஐபி ஒதுக்கி அதைக் கொடுங்கள்.

டோக்கனைக் கோப்புக்குள் எழுதவே கூடாது. அந்தக் கோப்புறையில் இருப்பதைப் பார்க்க லொகின் தேவையில்லை. உங்கள் வைஃபையில் இருக்கும் விருந்தாளி யாராவது முகவரியைத் தட்டிப் பக்கத்தின் மூலத்தைப் பார்த்தால் டோக்கன் அவர் கையில். நீண்டகால டோக்கன் பத்து வருடத்துக்குச் செல்லும் என்பதையும் யோசியுங்கள். குசினி டெப்லட்டுக்கென்று தனிப் பயனர் ஒன்று உருவாக்குங்கள். நிர்வாகி உரிமை வேண்டாம், வீட்டு நெட்வேர்க்கில் இருந்து மட்டும் உள்ளே வரலாம் என்ற தெரிவைப் போடுங்கள். அந்தப் பயனராக உள்ளே போய் டோக்கன் எடுங்கள். ஒரே ஒரு முறைதான் காட்டும், அப்போதே பிரதி எடுத்துவிடுங்கள். உங்கள் பக்கம் முதல் தடவை திறக்கும்போது டோக்கனைக் கேட்கட்டும், வாங்கிப் பிரவுசரின் உள்சேமிப்பில் வைத்துக்கொள்ளட்டும். டெப்லட் தொலைந்தால் அந்த டோக்கனை மட்டும் ரத்துச் செய்யலாம். முடிந்தால் விருந்தாளிகளுக்கு வேறு வைஃபை கொடுங்கள், அது எப்படியும் நல்லது.

இனி உங்கள் பெரிய தலைவலிக்கு வருவோம். வெப்சொக்கட்டுக்கு மாறுங்கள், ஆனால் மாறினால் மட்டும் சரியாகாது.

இணைப்புத் திறந்ததும் முதலில் பேசுவது சேவர்தான், "உன் அனுமதியைக் காட்டு" என்று. டோக்கனை அனுப்பினால் "சரி" என்றோ "செல்லாது" என்றோ சொல்லும். அதற்குப் பிறகு நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண் இருக்க வேண்டும், எண் ஏறிக்கொண்டே போக வேண்டும். பதில் அதே எண்ணோடு திரும்பி வரும். இங்கே வரிசை முக்கியம். முதலில் "நிலை மாறும்போதெல்லாம் எனக்குச் சொல்" என்று சந்தா சொல்லுங்கள், அப்புறம்தான் எல்லா நிலைகளையும் ஒரு தடவை கேளுங்கள். மாற்றிச் செய்தால் இரண்டுக்கும் நடுவில் மாறியது உங்களுக்கு வராது. அரை விநாடிதானே என்று நினைப்பீர்கள். கரண்ட் வந்து நாலு ரிலேயும் ஒன்றாக எழும்பும் அந்த அரை விநாடியில்தான் எல்லாமே மாறும்.

இணைப்பு அறுந்த விஷயம் பக்கத்துக்குத் தெரியாது. ரவுட்டர் சட்டென்று செத்தால் "நான் போகிறேன்" என்று யாரும் சொல்லிவிட்டுப் போவதில்லை. டெப்லட்டின் பார்வையில் இணைப்பு திறந்தேதான் இருக்கும், பல நிமிடம் கூட. அதனால் நீங்களே இருபது விநாடிக்கு ஒரு தடவை பிங் அனுப்புங்கள், ஹோம் அசிஸ்டன்ட் பொங் என்று பதில் தரும். ஐந்து விநாடியில் பதில் இல்லையென்றால் இணைப்பை நீங்களே மூடிவிட்டுத் திரும்பத் தொடங்குங்கள். ஒரு விநாடி, இரண்டு, நாலு என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய் முப்பதில் நிறுத்துங்கள். பிரவுசர் தரும் "ஒன்லைன்" என்ற தகவலை நம்ப வேண்டாம், அது வைஃபை இருக்கிறதா என்று மட்டும் சொல்லும், பை உயிரோடு இருக்கிறதா என்று சொல்லாது.

பொய் சொல்வது பிரவுசர் இல்லை. ஒரு ரிலேக்கு ஓன், ஓஃப் என்று இரண்டு நிலைதான் என்று நினைத்து எழுதப்படும் பக்கம்தான் பொய் சொல்கிறது. ஹோம் அசிஸ்டன்ட் "கிடைக்கவில்லை" என்றும் "தெரியவில்லை" என்றும் இரண்டு நிலைகளைத் தருகிறது. ஓன் இல்லாத எல்லாவற்றையும் ஓஃப் என்று தீட்டும் பக்கங்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். விளக்குக்கு அது பரவாயில்லை. மோட்டருக்கு? ரிலேயின் வைஃபை மட்டும் அறுந்து மோட்டர் ஓடிக்கொண்டிருக்கும், பக்கம் "நின்றுவிட்டது" என்று காட்டும். ஆகவே மூன்றாவது நிறம் ஒன்று வையுங்கள். நான் சாம்பல் போட்டு, பட்டன் மேலேயே "தெரியாது" என்று எழுதுவேன், அதை அழுத்தவும் விடமாட்டேன். பிங் தவறியதும் நாலு பட்டனும் ஒன்றாகச் சாம்பலாக வேண்டும், கடைசியாகத் தெரிந்த நிலை திரையில் நிற்கவே கூடாது.

அதே காரணத்துக்காக, அம்மா அழுத்தியதும் நிறத்தை மாற்றாதீர்கள். சேவர் "செய்தியை ஏற்றுக்கொண்டேன்" என்று சொல்வது வேறு, ரிலே உண்மையில் மாறியது வேறு. அழுத்தியதும் பட்டனில் "பொறுங்கள்" என்று வரட்டும், நிலை மாறிய செய்தி வந்த பிறகு நிறம் மாறட்டும். ஐந்து விநாடியில் வராவிட்டால் "நடக்கவில்லை" என்று எழுதுங்கள். இருக்கும் நிலையைத் தலைகீழாக மாற்றும் டொகிள் கட்டளை வேண்டவே வேண்டாம். இணைப்பு இழுத்தால் யாரும் இரண்டு தடவை அழுத்துவார்கள், டொகிள் என்றால் இரண்டாவது அழுத்தல் முதலாவதை அழித்துவிடும். "போடு", "நிறுத்து" என்று தெளிவாக அனுப்புங்கள். பத்துத் தடவை "நிறுத்து" போனாலும் நிற்கும், அவ்வளவுதான்.

இன்னும் ஒன்று. கீசரை நாற்பத்தைந்து நிமிடம் போட்டு அணைக்கிற கணக்கைப் பக்கத்துக்குள் எழுதியிருக்கிறீர்களா? எழுதியிருந்தால் எடுத்துவிடுங்கள். திரை அணைந்தால் பிரவுசர் டைமர்களைத் தூங்க வைத்துவிடும். கணக்கு ஹோம் அசிஸ்டன்டின் டைமரில் இருக்கட்டும், அது எப்போது முடியும் என்ற நேரத்தைத் தரும், பக்கம் அதை வாசித்து மீதியைக் காட்டினால் போதும்.

திரை அணையாமல் இருக்க பிரவுசரில் ஒரு வசதி உண்டு, ஆனால் அது எச்டிடிபிஎஸ் பக்கத்துக்கு மட்டும்தான். அதற்காகச் சான்றிதழ் வேலையில் இறங்க வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழை ஆண்ட்ராய்ட் 6-இல் ஓடும் குரோம் 2024 செப்டெம்பருக்குப் பிறகு நம்புவதில்லை, உங்கள் டெப்லட்டுக்கு அது வீண் பாடு. டெவலப்பர் தெரிவுகளில் "சார்ஜ் ஏறும்போது விழித்திரு" என்பதைப் போட்டால் சரி. ஆனால் எந்நேரமும் சார்ஜில் கிடக்கும் டெப்லட்டின் பட்டரி வீங்கும், மாதத்துக்கு ஒரு தடவையாவது முதுகைத் தடவிப் பாருங்கள்.

---

மேல்டிவிஷன் எழுதியது:

அண்ணா, ரொம்ப நன்றி. சாம்பல் நிறமும் "தெரியாது" என்ற சொல்லும் இன்று மாலையே போட்டுவிட்டேன். ரவுட்டர் வயரைக் கழற்றிப் பார்த்தேன், அரை நிமிடத்துக்குள் நாலும் சாம்பலாகிவிட்டன. அம்மா கேட்ட முதல் கேள்வி: "தெரியாதுன்னா யாருக்குத் தெரியும்?" அதனால் அதற்குக் கீழே சின்ன எழுத்தில் "போய்ப் பார்க்கவும்" என்று சேர்த்திருக்கிறேன்.

நானுஓயா ஐயா, டெப்லட் மாற்றக் காசு இல்லை, அதுதான் உண்மை. அப்பாவும் சும்மா இல்லை, தோட்டத்துத் தொழிற்சாலையில் மின்வேலை பார்த்தவர். ஜாவாஸ்கிரிப்ட் மட்டும்தான் தெரியாது.

இன்னொன்று கேட்க வேண்டும். நாலு மணி கீசர் சில நாள் பிந்தித்தான் போடுகிறது. இரவில் கரண்ட் போய் வந்த நாட்களில்தான். இது பக்கத்தின் கோளாறு இல்லை என்று நினைக்கிறேன்.

---

ஹட்டன் சோல்டர் எழுதியது:

இல்லை, பையின் கோளாறும் இல்லை. ராஸ்பெரி பை 4-க்குள் பட்டரி வைத்த கடிகாரம் கிடையாது. கரண்ட் போய் வந்தால் பழைய நேரத்தோடுதான் எழும்பும், இணையம் கிடைத்த பிறகுதான் சரியான நேரத்தைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும். கரண்ட் போகும் இரவில் கோபுரத்துச் சிக்னலும் சேர்ந்து போகும் ஊர் நம்முடையது. பை இரண்டரை என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது உண்மையில் நாலாகியிருக்கும். டிஎஸ்3231 என்ற சில்லு வைத்த சின்னக் கடிகாரப் பலகை பையின் பின்களில் நேராகக் குத்தும், நாணயப் பட்டரி போட்டு இயக்கலாம். பை 5-இல் கடிகாரம் உள்ளேயே இருக்கிறது, பட்டரி மட்டும் தனியாக வாங்க வேண்டும். அதைவிட லேசான வழி, பைக்கும் ரவுட்டருக்கும் சேர்த்து ஒரு சின்ன யூபிஎஸ். இரண்டும் சேர்ந்து இழுப்பது ஒரு எல்ஈடி பல்பு அளவுக்குத்தான் வரும்.

பக்கத்திலும் ஒரு வேலை செய்யலாம். பையின் நேரத்தைப் பக்கத்தின் மூலையில் காட்டுங்கள், டெப்லட்டின் நேரத்தை அல்ல. அம்மா சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்.

---

வெலிமடை வேலி எழுதியது:

ஹோம் அசிஸ்டன்டை நடுவில் வைக்காமல் பிரவுசரை நேராக எம்கியூடிடி புரோக்கரோடு, அதாவது சாமான்களின் சின்னச் செய்திகளை வாங்கிப் பகிரும் சேவரோடு, இணைத்தால் என்ன? மொஸ்கிட்டோ என்ற புரோக்கரில் வெப்சொக்கட் போர்ட் ஒன்றைத் திறந்துவிடலாம். ரிலே தன் கடைசி நிலையை ரிடெய்ன் (புரோக்கர் அதைப் பிடித்து வைத்திருக்கச் சொல்லும் குறி) போட்டு அனுப்பினால் பக்கம் திறந்த உடனேயே நிலை வந்துவிடும். ரிலே செத்தால் அதன் "இறுதி விருப்பம்" என்ற செய்தியைப் புரோக்கரே அனுப்பிவிடும். சோல்டர் அண்ணா சொன்ன "கிடைக்கவில்லை" என்ற நிலை இலவசமாகக் கிடைக்கிறது.

---

ஹட்டன் சோல்டர் எழுதியது:

நல்ல வழிதான், பை இல்லாமல் புரோக்கர் மட்டும் ஓடும் இடத்தில் நானும் அதைத்தான் செய்வேன். இங்கே ஈஎஸ்பிஹோம் ஏற்கனவே ஹோம் அசிஸ்டன்டோடு நேராகப் பேசுகிறது, எம்கியூடிடி சேர்த்தால் பழுது பார்க்க இன்னொரு இடம் கூடும். ரிடெய்ன் செய்தியில் ஒரு கவனம் வேண்டும். கட்டளைச் செய்தியையும் யாராவது ரிடெய்ன் போட்டு அனுப்பிவிட்டால், கரண்ட் வந்து ரிலே எழும்பும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பழைய "போடு" திரும்ப வந்து மோட்டர் தானாக ஓடும். நிலைக்கு ரிடெய்ன், கட்டளைக்கு வேண்டாம்.

---

பொகவந்தலாவை வயர்மேன் எழுதியது:

மகள், எனக்கு ஜாவாஸ்கிரிப்ட் தெரியாது, மோட்டர் தெரியும். மேலே எல்லோரும் திரையைப் பற்றியே பேசுகிறார்கள். மோட்டரைக் காப்பாற்றும் வேலையைத் திரையிடமும் பையிடமும் விடாதீர்கள். கீழ்த் தாங்கியில் ஒரு மிதவைச் சுவிட்ச், மேல்த் தாங்கியில் ஒரு மிதவைச் சுவிட்ச். மோட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெரிய சுவிட்ச்தான் கொன்டாக்டர், இரண்டு மிதவையையும் அதன் கொயிலின் வயரில் வரிசையாகக் கட்டுங்கள். கீழே தண்ணீர் இல்லையென்றாலும் மேலே நிறைந்தாலும் கொயில் விட்டுவிடும், வைஃபை இருந்தால் என்ன இல்லாவிட்டால் என்ன.

ஒரு எச்பி மோட்டரை அந்தச் சின்ன நீல ரிலேயில் நேராகக் கட்டியிருந்தால் இன்றைக்கே கழற்றுங்கள். மேலே பத்து அம்பியர் என்று எழுதியிருக்கும், ஆனால் மோட்டர் கிளம்பும் நேரத்தில் ஓடும்போது இழுப்பதைப்போல் பல மடங்கு இழுக்கும். காலப்போக்கில் ரிலேயின் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் எந்தப் பட்டனும் நிறுத்தாது. சின்ன ரிலே கொன்டாக்டரை இழுக்கட்டும், கொன்டாக்டர் மோட்டரை இழுக்கட்டும், அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தால் நிறுத்தும் ஓவர்லோட் ஒன்றும் சேருங்கள். அப்பா இதையெல்லாம் தொழிற்சாலையில் பார்த்தவர், அவரிடம் கொடுங்கள்.

ரிலே பலகை கரண்ட் வந்ததும் எந்த நிலையில் எழும்ப வேண்டும் என்று ஈஎஸ்பிஹோமில் சொல்லி வைக்கலாம் என்று என் மகன் சொல்கிறான். மோட்டருக்கு எப்போதும் ஓஃப். அதே பலகையிலேயே "இவ்வளவு நிமிடத்துக்கு மேல் ஓடாதே" என்றும் எழுதலாமாம், அப்போது பை செத்துக் கிடந்தாலும் நின்றுவிடும்.

மிதவைச் சுவிட்ச் வாங்கும்போது கேபிள் நீளத்தைப் பார்த்து வாங்குங்கள். தாங்கிக்குள் ஜொயின்ட் போடக் கூடாது.

---

மேல்டிவிஷன் எழுதியது:

ஐயா, அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். கொன்டாக்டர் ஏற்கனவே இருக்கிறதாம், கீழ்த் தாங்கிக்குத்தான் மிதவை இல்லை. சனிக்கிழமை பண்டாரவளைக்குப் போகும்போது வாங்குகிறேன். தாங்கியில் இருந்து பெட்டி வரைக்கும் பன்னிரண்டு மீட்டர் வருகிறது. அவ்வளவு நீளக் கேபிளோடு கடையில் கிடைக்குமா, இல்லை தாங்கிக்கு வெளியே பெட்டி வைத்து இணைக்கலாமா?

---

பொகவந்தலாவை வயர்மேன் எழுதியது:

ஐந்து மீட்டர்தான் சாதாரணமாகக் கிடைக்கும், பத்து மீட்டர் கேட்டுப் பாருங்கள். வெளியே தண்ணீர் புகாத பெட்டி வைத்து இணைக்கலாம், தாராளமாக. வயர் நுழையும் ஓட்டை பெட்டியின் அடியில் இருக்க வேண்டும், மேலே வேண்டாம். உங்கள் பக்கத்துக் காற்றில் மழை பக்கவாட்டில்தானே அடிக்கும், கூரைக்குக் கீழே என்று நம்பி விடாதீர்கள்.